உரம் போட்டால் பயிர் உலோக நஞ்சைத் தாங்குமா?

கேள்வி நீளமாக இருந்தது, சாரத்தை மட்டும் இங்கே வைக்கிறேன். வாலாஜாபேட்டைப் பக்கம் பாலாற்றங்கரையில் இரண்டரை ஏக்கர். தாத்தா காலத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் வாய்க்காலில் கலந்து இந்த வயலில் பாய்ந்திருக்கிறது. அண்மையில் மண்ணைப் பரிசோதித்ததில் குரோமியம் மிக அதிகம், காட்மியமும் ஓரளவு உண்டு என்று வந்திருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பு. உரக்கடைக்காரர், "சத்து குறையாம பாத்துக்குங்க, பயிர் தானா தாங்கிக்கும். ஜிங்க் போட்டா காட்மியம் ஏறாது" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுச் சாப்பாட்டுக்கு இந்த நெல்தான், இரண்டு கறவை மாடுகளுக்கு இந்த வைக்கோல்தான். "அவர் சொல்றது சரியா, ஐயா?" என்று கேட்டிருக்கிறார் தம்பி.

பாதி சரி, தம்பி. சத்துக் குறைந்த பயிரைவிடச் சத்துள்ள பயிர் உலோக நஞ்சை நன்றாகத் தாங்கும் என்பதில் சந்தேகமே இல்லை. கடைக்காரர் பயிரைப் பற்றிப் பேசுகிறார். நீங்கள் கேட்பது சோற்றைப் பற்றி. இரண்டும் ஒன்று என்று நினைத்தால்தான் வம்பு.

பயிர் "தாங்குகிறது" என்றால் இலை வெளுக்கவில்லை, தூர் கட்டுகிறது, கதிர் வருகிறது என்று அர்த்தம். அது இரண்டு விதமாக நடக்கலாம். உலோகத்தை வேருக்குள்ளேயே விடாமல் தடுத்திருக்கலாம். அல்லது உள்ளே விட்டுவிட்டு, தனக்குத் தொந்தரவு இல்லாத இடத்தில் பூட்டி வைத்திருக்கலாம். வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே பச்சைதான். பூட்டி வைத்த இடம் வேர் என்றால் நமக்குக் கவலையில்லை. இலை என்றால், கீரை சாப்பிடுகிறவருக்குத்தான் கேடு. இதில் காட்மியம் ரொம்ப மோசம். மனிதனுக்கு ஆகாத அளவு அரிசியில் ஏறிய பிறகும் நெற்பயிர் ஒரு அறிகுறியும் காட்டாமல் நிற்கக்கூடும்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஜப்பானில், தொயாமா மாநிலத்தின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் இருக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் காமியோகா சுரங்கம். துத்தநாகமும் (கடைக்காரர் சொன்ன ஜிங்க்தான்) ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு ஒட்டிப் பிறந்தது காட்மியம், அது கழிவோடு ஆற்றில் இறங்கி, பாசனத்தில் வயலுக்கு வந்தது. நெல் விளைந்தது, அறுத்தார்கள், சாப்பிட்டார்கள். பல பிள்ளைகள் பெற்ற நடுவயதுப் பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறியும் நிலை வந்தது. நோய்க்குப் பெயரே "இத்தாய் இத்தாய்", அதாவது "வலிக்குது, வலிக்குது". 1968இல்தான் ஜப்பான் அரசு இதைச் சூழல் மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. 1979இல் தொடங்கிய மண் சீரமைப்பு வேலை முடிய 2012 ஆனது.

சத்துக்கும் உலோகத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். காட்மியத்துக்கோ குரோமியத்துக்கோ ஆர்சனிக்குக்கோ வேரில் தனி வாசல் கிடையாது. செடிக்கு அவை தேவையே இல்லை, பிறகு எதற்கு வாசல் வைக்கப் போகிறது? வேரின் தோலில் இருப்பதெல்லாம் துத்தநாகத்துக்கு, இரும்புக்கு, மாங்கனீசுக்கு, சல்பேட்டுக்கு, பாஸ்பேட்டுக்கு என்று வைத்த புரத வாசல்கள். உருவத்திலும் மின்னூட்டத்திலும் அந்தச் சத்தைப் போலவே இருக்கும் உலோகம் அந்த வாசலில் நுழைந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருகிறவரை "நீங்க பெண் வீடா, மாப்பிள்ளை வீடா" என்று யாரும் கேட்பதில்லையே, அந்த மாதிரி.

அதனால் ஒரு சத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது அந்த உலோகம் எந்த வாசலில் வருகிறது என்பதைப் பொறுத்தது. சத்து நிறைய இருந்தால் வாசலில் நெரிசல், திருட்டு விருந்தாளிக்கு இடம் குறைவு. சத்து குறைந்தால் இன்னொன்றும் நடக்கிறது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பசித்த செடி கூடுதல் வாசல்களைத் திறக்கிறது. இரும்புப் பற்றாக்குறை வந்த செடி இரும்பை இழுக்கும் புரதங்களைப் பல மடங்கு பெருக்குகிறது. அந்தப் புரதங்கள் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல, துத்தநாகம், மாங்கனீசு, காட்மியம் எல்லாவற்றையும் சேர்த்தே இழுக்கும். நுண்ணூட்டப் பற்றாக்குறையோடு நிற்கும் பயிர் காட்மியத்துக்குக் கதவைத் திறந்து வைத்த பயிர். இதில் ஒரு தொல்லை: காட்மியம் அதிகமானாலும் இளம் இலை வெளுக்கும், இரும்பு குறைந்தாலும் வெளுக்கும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம்.

ஜிங்க் கதைக்கு வருவோம். தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது காட்மியம். ஒரே குடும்பம், வேதியியல் குணமும் அப்படியே. தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் இதைச் சோதித்து 1994இல் வெளியிட்டார்கள். துத்தநாகம் குறைந்த மண்ணில் ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ துத்தநாகம் போட்டதில் கோதுமை மணியின் காட்மியம் பாதி வரை குறைந்தது. உரக்கடைக்காரரின் பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த மண் பசித்த மண். துத்தநாகம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் நிலத்தில் மேலும் மேலும் கொட்டினால் அதே பலன் வராது. ஆகவே முதலில் மண்ணில் ஜிங்க் எவ்வளவு என்று பாருங்கள். குறைவு என்றால், நெல்லுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் நிச்சயம் போடத் தகுந்தது. விளைச்சலுக்கே வேண்டும்.

வாங்கும்போது ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஜிங்க் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைக் குருணை, கலப்படம் சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் டிஏபியை (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு டம்ளரில் வாங்கிய சரக்கைக் கரையுங்கள். இரண்டையும் சேர்த்தால், அசல் ஜிங்க் சல்பேட் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகத் திரியும். மெக்னீசியம் சல்பேட் என்றால் திரியாது. எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் மூன்று போகம் ஜிங்க் போட்டும் பயிர் தேறவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் டம்ளரில் ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மூன்று போகமும் காசு கொடுத்து மெக்னீசியம் போட்டிருக்கிறார்.

அந்தத் திரிதல் இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கிறது. டம்ளரில் நடப்பதுதான் வயலிலும் நடக்கிறது. டிஏபியோடு ஜிங்க்கைக் கலந்து வீசினால் இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகி, ஜிங்க் பயிருக்கு எட்டாமல் போகும். மணிச்சத்தை, அதாவது பாஸ்பேட்டை, அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டே வரும் நிலத்தில் துத்தநாகப் பற்றாக்குறை தலைகாட்டுவதும், அதன் பின்னால் காட்மியம் ஏறுவதும் இந்த வழியில்தான்.

"அந்த டிஏபியிலேயே காட்மியம் இருக்காமே" என்று அடுத்த கேள்வி வரும், கணக்கைப் போட்டுவிடுவோம். பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே காட்மியம் உண்டு. கடல் படிவில் உண்டான பாறையில் அதிகம், எரிமலைக் குழம்பில் உண்டான பாறையில் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உர விதியில், ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்தில் மணிச்சத்தை இந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்) 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த உச்சத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ பென்டாக்சைடு, அதில் சுமார் 1.4 கிராம் காட்மியம். ஒரு ஏக்கரில் உழவு ஆழத்து மண் ஏறக்குறைய 8 லட்சம் கிலோ. மாசில்லாத மண்ணிலேயே கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 160 கிராம். ஒரு மூட்டை இதில் ஒன்றுமில்லை. ஐம்பது வருடம், வருடத்துக்கு இரண்டு மூட்டை என்றால் 140 கிராம், அப்போது ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஜிங்க் சல்பேட்டுக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை 0.0025 சதவீதம் காட்மியம்வரை அனுமதிக்கிறது. பத்து கிலோவில் அதிகபட்சம் கால் கிராம். தரமான சரக்கு என்றால் பயமில்லை. ஆலைக் கழிவிலிருந்து எடுத்தது, பில் இல்லாமல் விற்பது என்றால் தொடவே தொடாதீர்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கோதுமைக்கும் பொதுவான செடிகளுக்கும். நெல்லின் கதை கொஞ்சம் வேறு. நெல் வேரில் காட்மியம் நுழையும் பெரிய வாசல் துத்தநாக வாசல் இல்லை, மாங்கனீசு வாசல். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள், ஓஎஸ்என்ராம்ப்5 என்று பெயர். அதே ஆண்டில், கோஷிஹிகாரி என்ற ஜப்பானிய நெல் ரக விதைகளைக் கார்பன் அயனிக் கற்றையில் வைத்து, அந்த வாசல் பழுதான செடிகளைப் பொறுக்கி எடுத்ததாகவும் அறிவித்தார்கள். அவற்றின் அரிசியில் காட்மியம் கிட்டத்தட்ட இல்லை. விலையும் உண்டு: காட்மியத்தோடு மாங்கனீசும் வராது, மாங்கனீசு ஏழையான மண்ணில் அந்தப் பயிர் சுணங்கும். இந்த வழியில் வந்த "அகிடகோமாச்சி ஆர்" ரகத்துக்குத்தான் அகிட்டா மாநிலம் 2025 முதல் மாறியிருக்கிறது. உள்ளே நுழைந்த காட்மியத்தை வேரிலேயே பூட்டும் இன்னொரு புரதமும் நெல்லுக்கு உண்டு. "அஞ்சனா தான்" என்ற இண்டிகா ரகத்தில் அந்தப் பூட்டு வேலை செய்யாது, அது தண்டுக்கும் மணிக்கும் தாராளமாக அனுப்பிவிடும். 2010இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்ததே அந்த ரகத்தை வைத்துத்தான். எந்த உரம் என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால் எந்த ரகம் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ரகத்துக்கு ரகம் வித்தியாசம் அவ்வளவு இருக்கிறது.

நெல்லில் உரத்தைவிடப் பெரிய பிடி உங்கள் கையில் இருக்கும் மடை. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று தீர்ந்து, சல்பேட் சல்பைடாக மாறி, காட்மியத்தைப் பிடித்துக் கரையாத காட்மியம் சல்பைடாக்கி உட்கார வைக்கிறது. தண்ணீரை வடித்தால் காற்று புகுந்து, அந்தச் சல்பைடு உடைந்து, காட்மியம் மறுபடி எழுந்து வருகிறது. நாம் எப்போது வடிக்கிறோம்? பால் பிடித்து மணி முற்றும்போது, அறுவடைக்கு வயல் காய வேண்டுமே என்று. மணிக்குள் சரக்கு போகிற அதே நேரத்தில் காட்மியத்தையும் அவிழ்த்துவிடுகிறோம். அதனால்தான் ஜப்பானில் மாசுபட்ட வயல்களில் கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் தண்ணீரை இறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே அறிவுரையை வங்காளத்தில் ஆர்சனிக் நிலத்துக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். அங்கே தண்ணீர் நின்றால் இரும்போடு ஒட்டிக்கிடந்த ஆர்சனிக் கழன்று, ஆர்சனைட்டாக மாறி, வேருக்குள் போகிறது. அதற்கு வாசல் சிலிக்கா வாசல். நெல் சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சும் பயிர், வைக்கோல் கையை அறுப்பதும் அதனால்தான். மண்ணில் சிலிக்கா குறைந்தால் ஆர்சனைட் சுலபமாக நுழையும். உமியை மண்ணில் சேர்த்தால் சிலிக்கா கூடி, அரிசியில் நச்சு வடிவ ஆர்சனிக் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். காற்றுள்ள மண்ணில் ஆர்சனிக் ஆர்சனேட்டாக இருக்கும், அப்போது அது பாஸ்பேட் வாசலில் வரும். ஒரே நஞ்சுக்கு வயல் காய்ந்தால் ஒரு வாசல், நனைந்தால் இன்னொரு வாசல்!

உங்கள் ரிப்போர்ட்டில் ஆர்சனிக் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். நல்ல தண்ணீரில், நிறையத் தண்ணீர் வைத்துச் சோற்றை வேகவிட்டுக் கஞ்சியை வடிக்கும் நம் பழைய வழக்கம் அரிசியிலிருந்து ஆர்சனிக்கைக் கணிசமாக வெளியேற்றுகிறது. குக்கர் சோற்றில் அது நடக்காது. காட்மியம் விஷயத்தில் கஞ்சி வடிப்பதை நம்ப முடியாது, அது மணியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சரி, உங்கள் நிலத்தின் முதல் எதிரி குரோமியம். பாலாற்றுப் பகுதிக்கு இது புதிதல்ல. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் கொடுத்த தீர்ப்பிலேயே, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு குவிந்து கிடந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். மூன்று இணைதிறன் குரோமியம் மந்தமானது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், செடிக்குள் அதிகம் போகாது. தோல் பதனிடப் பயன்படுத்துவது இந்த வகை உப்பைத்தான். ஆறு இணைதிறன் குரோமியம் குரோமேட்டாகத் தண்ணீரில் கரைந்து ஓடும், உயிருக்குக் கொடியது. குரோமேட் பார்ப்பதற்குச் சல்பேட்டின் அச்சு, அதனால் சல்பேட் வாசலில் நுழைகிறது. கந்தகம் குறைந்த செடி சல்பேட் வாசல்களை அதிகமாகத் திறக்கும், குரோமேட்டும் அதிகமாகப் போகும். கந்தகம் போதுமான அளவு இருந்தால் நெரிசலில் குரோமேட் பின்தங்கும். உள்ளே போனதில் பெரும்பகுதியை வேரே மூன்று இணைதிறனாக மாற்றி அங்கேயே நிறுத்திவிடுகிறது, மணிக்கு ஏறுவது சொற்பம். அதனால் குரோமியம் உங்கள் விளைச்சலைத் தின்னும் எதிரி. தட்டுக்கு வரும் எதிரி காட்மியம். ரிப்போர்ட்டில் "மிக அதிகம்" என்று இருப்பதைவிட "ஓரளவு" என்று இருப்பதைப் பார்த்துத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

கந்தகத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி. 1985இல் ஜெர்மனியில் மூன்று ஆய்வாளர்கள் நம் சர்ப்பகந்தாச் செடியின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதில் காட்மியம் ஊற்றிப் பார்த்தார்கள். செல்கள் சாகவில்லை. காட்மியத்தைக் கட்டிப்போட ஒரு சின்னப் புரதச் சங்கிலியைத் தாங்களே தயாரித்திருந்தன. அதற்குப் பைட்டோகீலேட்டின் என்று பெயர் வைத்தார்கள். அதன் உயிர்நாடி கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். சிஸ்டீனிலிருந்து குளுட்டாதையோன், குளுட்டாதையோனை வரிசையாகக் கோத்தால் பைட்டோகீலேட்டின். கந்தகத்தின் கை காட்மியத்தைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கட்டை அப்படியே செல்லின் பெரிய நீர்ப்பைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது செடி. ஆர்சனிக்கையும் இதே மாதிரி கட்டி, நெற்பயிரின் கணுவில் நிறுத்தி, கதிருக்குப் போகாமல் தடுக்கும் புரதம் ஒன்றை 2014இல் கண்டுபிடித்தார்கள். கந்தகம் இல்லாத செடிக்குக் கயிறே இல்லை, எதை வைத்துக் கட்டும்?

இந்தக் கந்தகத்தை நாமே கைவிட்டோம். அமோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்ட காலத்தில் தழை, மணியோடு கந்தகம் ஓசியில் வந்தது. யூரியாவும் டிஏபியுமாக மாறிய பிறகு அது நின்றுபோனது. உங்கள் நிலத்துக்கு ஜிப்சம் பொருத்தம். சல்பேட் கிடைக்கும், சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) கிடைக்கும், உப்பு நீரால் இறுகிய மண்ணும் இளகும், மண்ணின் காரத்தன்மையும் ஏறாது. வாங்கும்போது சுரங்க ஜிப்சமா, பாஸ்பாரிக் அமில ஆலையிலிருந்து வரும் பாஸ்போஜிப்சமா என்று கேளுங்கள். இரண்டாவதில் பாஸ்பேட் பாறையின் எச்சங்கள் இருக்கும், உங்கள் நிலைமைக்கு முதலாவது மேல்.

சுண்ணாம்பு போடலாமா என்றால், வேண்டாம். காட்மியத்துக்குச் சுண்ணாம்பு நல்ல மருந்துதான், அமில மண்ணில் காட்மியத்தை அடக்க அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் குரோமேட் நேர்மாறு, காரத்தன்மை ஏற ஏற மண்ணை விட்டுக் கழன்று தண்ணீரோடு ஓடும். உங்கள் மண் ஏற்கெனவே காரம். தவிர, சுண்ணாம்பு கூடினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்கு எட்டாது, பசித்த செடியின் கதையை மேலே சொன்னேன்.

பொட்டாஷில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் போடும் எம்ஓபி பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரையும் கூட்டாகி, மண் பிடியிலிருந்து அதை விடுவிக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கில் காட்மியம் ஏன் ஏறுகிறது என்று தேடியபோது, மண்ணின் காட்மிய அளவைவிடப் பாசன நீரின் உப்புதான் காரணமாக வந்து நின்றது. உங்கள் போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பில் பெரும்பகுதி குளோரைடாகத்தான் இருக்கும். எம்ஓபிக்குப் பதில் எஸ்ஓபி, அதாவது பொட்டாசியம் சல்பேட் போடுவது நல்லதுதான், விலை அதிகம். ஆனால் போகத்துக்கு ஒரு மூட்டைப் பொட்டாஷில் வரும் குளோரைடு, உப்புத் தண்ணீர் பாய்ச்சும்போது வரும் குளோரைடுக்கு முன்னால் கால் தூசி. தண்ணீரை விட்டுவிட்டு மூட்டையை மாற்றுவதில் பெரிய லாபம் இல்லை. மழைநீரைக் குட்டையில் தேக்கிப் பாதித் தண்ணீராவது நல்லதாகக் கொடுக்க முடிந்தால் அது பத்து மூட்டை எஸ்ஓபிக்குச் சமம்.

தழைச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யூரியாவால் பயிர் பெருக்கும்போது உள்ளே போன உலோகம் பெரிய உடம்பில் பரவி, கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் குறைந்ததாகத் தெரியும். தண்ணீர் ஊற்றிவிட்டுப் பால் கூடிவிட்டதாக நினைத்த கதைதான், மொத்தமாக ஏறியது குறைவதில்லை. அமோனியம் வடிவத் தழைச்சத்து வேரைச் சுற்றி அமிலமாக்கிக் காட்மியத்தை இளக்கும் என்பது மேட்டு நிலப் பயிர்களில் பெரிதாகத் தெரியும். தண்ணீர் நிற்கும் நெல்லில் அவ்வளவு இல்லை.

உங்கள் வயலில் குரோமேட்டை அடக்கக் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் மக்கிய தொழுவுரம். கரிமப் பொருளும், தண்ணீர் நின்ற மண்ணில் கரையும் இரும்பும் சேர்ந்து ஆறு இணைதிறனை மூன்றாக இறக்கிவிடும். வயல் நன்றாகக் காய்ந்தால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் கொஞ்சத்தை மறுபடி ஆறாக ஏற்றும். ஆக, குரோமியம், காட்மியம் இரண்டுக்குமே உங்கள் நிலத்தில் தண்ணீர் நிறுத்திய நெல் நல்ல தேர்வு. ஆர்சனிக் இல்லாததால் எதிர்வழக்கும் இல்லை. தொழுவுரம் உங்கள் மாட்டுச் சாணமாக இருக்கட்டும். நகரக் குப்பை உரம் வேண்டாம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம், 50 மில்லிகிராம் குரோமியம்வரை அதில் விதிப்படியே இருக்கலாம், டன் கணக்கில் கொட்டும் பொருள் அது.

ஒரு தூரைப் பிடுங்கி வாய்க்கால் நீரில் அலசிப் பாருங்கள். பழைய வேரெல்லாம் துருப்பிடித்த கம்பி மாதிரி செம்பழுப்பாகவும், நுனியும் புது வேரும் வெள்ளையாகவும் இருந்தால் வேர் நன்றாக மூச்சுவிடுகிறது. அந்தப் பழுப்பு, விரலில் தேய்த்தால் ஒட்டும், வேர் வெளியே விடும் ஆக்சிஜனால் படிந்த இரும்பு ஆக்சைடு. மண் நீரில் வரும் உலோகத்தில் ஒரு பங்கு அந்தப் பூச்சிலேயே ஒட்டி நின்றுவிடும். வேர் முழுக்கக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மக்காத பச்சைச் சாணத்தை அள்ளிப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள், வேர் திணறுகிறது. அப்போது இரண்டொரு நாள் தண்ணீரை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் கதிர் வருவதற்கு முன்பே அதைச் செய்து முடித்துவிடுங்கள்.

கீரையும் முள்ளங்கியும் வீட்டுக்கு வேண்டுமென்றால் இந்த நிலத்தில் போடாதீர்கள், தொட்டியில் வேறு மண்ணில் போடுங்கள். சூரியகாந்தி, கடுகு இரண்டும் உலோகத்தைச் சேர்த்துவைக்கும் குணமுள்ளவை, உணவுக்காக இங்கே வேண்டாம். அவற்றை நட்டு மண்ணைச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அறுத்த செடியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று திருப்பிக் கேளுங்கள். கனகாம்பரமோ மல்லிகையோ ஒரு பகுதியில் வைக்கலாம், உப்பை எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துக்கொண்டு.

இந்தப் போகம் அறுத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மண்ணை மறுபடி பரிசோதிக்கக் கொடுத்தால் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகவும், போர்வெல் நீரில் குளோரைடையும் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணைவிட முக்கியம் அரிசி. வயலின் நான்கைந்து இடத்தில் எடுத்த நெல்லைக் கலந்து, அரைத்து, ஒரு கிலோ அரிசியை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் காட்மியத்துக்குக் கொடுங்கள். தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீடு என்பதால் அதன் பாதிக்குக் கீழே இருந்தால்தான் எனக்கு நிம்மதி. கூடவே ஒரு கட்டு வைக்கோலையும் கொடுங்கள். மணியைவிட வைக்கோலில்தான் காட்மியம் அதிகம் தங்கும். மாடு அதைத் தின்கிறது, அதன் சாணம் திரும்ப அதே வயலுக்குப் போகிறது.